மூக்கு நீண்ட வண்டியா, தட்டை முக வண்டியா: ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஓர் ஒப்பீடு

கனரக லாரி ஓட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு அமெரிக்க வண்டியா, ஐரோப்பிய வண்டியா என்ற கேள்வி எழுவதே இல்லை. எந்த நாட்டில் உரிமம் எடுத்தார்களோ அந்த நாடே அவர்களுக்கான வண்டியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. டெக்சாஸின் சரக்கு முனையங்களில் ஐரோப்பிய லாரியான ஸ்கேனியாவைத் தேடினாலும் கிடைக்காது. ஜெர்மனியின் கிடங்குகளில் அமெரிக்க லாரியான பீட்டர்பில்ட்டைப் பார்ப்பது அரிது. ஆனால் ஆஸ்திரேலியாவில் இவ்விரு வகை வண்டிகளும் ஒரே சாலையில், ஒரே சரக்குக்காக ஓடுகின்றன. அங்கே சொந்த வண்டி வாங்கப் போகும் ஓட்டுநருக்கு இது பல ஆண்டு உழைப்பைப் பணயம் வைக்கும் முடிவு. கனடாவுக்குப் போவதா, ஜெர்மனிக்குப் போவதா என்று யோசிக்கும் ஓட்டுநரும் வேலையோடு சேர்த்து ஒரு வண்டியையும், அந்த வண்டிக்குள் கழியப் போகும் இரவுகளையும் தேர்ந்தெடுக்கிறார். அத்தகையவர்களை மனத்தில் வைத்தே இங்கு எழுதுகிறேன். உரிமையாளரின் லாபக் கணக்கைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவருக்கு என்ன கிடைக்கிறது, எது பறிபோகிறது என்று மட்டும் பார்க்கலாம்.

நீளத்தை எங்கிருந்து அளப்பது

அமெரிக்க லாரிக்கு முன்னால் நீண்ட மூக்கு இருப்பதும், ஐரோப்பிய லாரியின் கேபின் எஞ்சின் மீதே ஏறி உட்கார்ந்திருப்பதும் ரசனையால் வந்த வேறுபாடு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டு கண்டங்களின் சட்டங்கள் நீளத்தை வெவ்வேறு விதமாக அளந்ததால் விளைந்தது அது.

1982-க்கு முன்பு அமெரிக்க மாநிலங்கள் பல, இழுவை வண்டி, டிரெய்லர் இரண்டையும் சேர்த்த மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. முன்பக்கத்தில் மிச்சப்படுத்தும் ஒவ்வோர் அடியும் சரக்குக்குக் கிடைத்ததால், அக்காலத்து அமெரிக்க நெடுஞ்சாலைகளிலும் தட்டை முக வண்டிகளே ஏராளமாக ஓடின. 1982-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், தேசிய நெடுஞ்சாலை வலையமைப்பில் மொத்த நீளத்துக்கு வரம்பு விதிக்கும் உரிமையை மாநிலங்களிடமிருந்து எடுத்துவிட்டு, டிரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் கொண்டது. முன்னால் உள்ள வண்டி எவ்வளவு நீண்டாலும் சரக்கு குறையாது என்று ஆனவுடன் மூக்கு திரும்பி வந்தது; அதன் பின்னால் படுக்கை அறையும் வளர்ந்தது. கடைசித் தட்டை முக மாதிரிகளில் ஒன்றான ஃப்ரைட்லைனர் ஆர்கோசி, 2000-களின் நடுவில் வட அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது.

ஐரோப்பாவில் நிலைமை நேர் எதிர். 1996-இல் வந்த 96/53 நெறிமுறைப்படி இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. வழக்கமான டிரெய்லர் 13.6 மீட்டர் எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் வளைவதற்கான இடைவெளியும் விட்ட பிறகு, ஓட்டுநரின் இருக்கைக்கும் படுக்கைக்கும் சேர்த்துச் சுமார் 2.3 மீட்டரே மிஞ்சுகிறது. அமெரிக்காவில் இன்று வழக்கத்தில் உள்ள 53 அடி டிரெய்லர் மட்டுமே 16.15 மீட்டர் என்பதைக் கவனித்தால், ஓர் ஐரோப்பிய ஓட்டுநரின் முழு வண்டியும் ஏறக்குறைய அமெரிக்க டிரெய்லர் ஒன்றின் அளவுக்குள் அடங்கிவிடுகிறது என்பது புரியும். காற்றுத் தடையைக் குறைக்கவும் பார்வையை மேம்படுத்தவும் கேபினைச் சற்று நீட்டிக்கொள்ளலாம் என்ற தளர்வு 2020-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதைப் பயன்படுத்தி நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வண்டிகளில் முகப்பு 16 சென்டிமீட்டர் நீண்டது. சென்டிமீட்டர்களில் பேச வேண்டிய நிலையில்தான் ஐரோப்பிய ஓட்டுநரின் வசதி இருக்கிறது.

இருக்கையும் அசைவும்

மூக்கு நீண்ட வண்டியில் ஓட்டுநர் முன் ஆக்சிலுக்கு, அதாவது முன்சக்கர அச்சுக்கு, பின்னால் அமர்கிறார். தட்டை முக வண்டியில் அதற்கு மேலோ, சற்று முன்னாலோ அமர்கிறார். சாலையில் ஒரு மேடு வரும்போது முதலாமவரை அது தணிந்து அடைகிறது. இரண்டாமவரை நேராகத் தூக்குகிறது. இரண்டு ஆக்சில்களுக்கு இடையிலான தூரம் ஐரோப்பிய வண்டியில் 3.6 முதல் 3.8 மீட்டர் வரை இருக்க, படுக்கை அறை கொண்ட அமெரிக்க வண்டியில் அது 6 மீட்டரை நெருங்குவதால், முன்னும் பின்னுமான குலுக்கலும் அங்கே குறைகிறது. ஐரோப்பியர்கள் இந்தக் குறையைக் கேபினுக்கே தனியாக நான்கு மூலைகளிலும் சஸ்பென்ஷன் வைத்து ஈடுகட்டினார்கள். நல்ல சாலையில் புதிய ஐரோப்பிய வண்டியின் ஓட்டம் அமைதியானது, இரைச்சல் குறைந்தது. சாலை கெட்டுப்போன இடத்தில்தான் நீண்ட வண்டியின் அடிப்படை நன்மை மீண்டும் தலைதூக்குகிறது.

ஒரு நாளில் பல முறை ஏறி இறங்க வேண்டிய வேலையில் படிகளும் கணக்கில் வரும். தரை சமமாக இருக்கும் உயரமான ஐரோப்பியக் கேபின்களுக்குப் பெரும்பாலும் நான்கு படிகள் ஏற வேண்டும். ஐம்பதைத் தாண்டிய ஓட்டுநரின் முழங்கால் இதை நன்றாக அறியும்.

இடம் குறைந்த முற்றங்களில் ஐரோப்பிய வண்டிக்கு நிகரில்லை. வெளிவட்ட ஆரம் 12.5 மீட்டர், உள்வட்ட ஆரம் 5.3 மீட்டர் என்ற வளையத்துக்குள் முழு வண்டியும் திரும்பியாக வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்துகிறது. லியோனின் பழைய தெருக்களிலும் இத்தாலியச் சிற்றூர்களின் கிடங்கு வாசல்களிலும் இந்த அளவு இல்லாவிட்டால் வேலையே நடக்காது. அமெரிக்க ஓட்டுநர், மறுபுறம், வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால் முதலில் அகலமாக இடப்பக்கம் எடுத்து, டிரெய்லரின் பின்சக்கரங்கள் நடைபாதை விளிம்பில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எடையும் இழுவையும்

எடையைக் கையாளும் முறையில் வெளியே தெரியாத ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்க வரம்பு 80,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36.3 டன், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு 40 டன். இரண்டிலும் வழக்கமாக ஐந்து ஆக்சில்கள்தான். ஆனால் அமெரிக்க வண்டியில் இழுவை வண்டியின் பின்னால் உள்ள இரண்டு ஆக்சில்களுக்கும் எஞ்சினின் விசை போகிறது, டிரெய்லருக்கு இரண்டு ஆக்சில்கள். ஐரோப்பிய வண்டியிலோ ஒரே ஆக்சில்தான் இழுக்கிறது, டிரெய்லருக்கு மூன்று. பனி மூடிய வயோமிங் மேட்டிலோ சேறான கட்டுமான இடத்திலோ இரண்டு ஆக்சில் இழுக்கும் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பிவிடும். ஒற்றை ஆக்சில் வண்டியின் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கக்கூடும்.

அமெரிக்க முறையில் ஓட்டுநருக்கு ஒரு வேலை கூடுதல். ஒரு ஜோடி ஆக்சில் மீது 34,000 பவுண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், சரக்கு ஏற்றியவுடன் எடைமேடைக்குப் போய்ப் பார்த்து, எடை பின்னால் கூடுதலாக இருந்தால் டிரெய்லரின் பூட்டு ஊசிகளை விடுவித்து, சக்கர அமைப்பையே முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவுக்குள் நுழைபவர், டிரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் கிங்பின்னிலிருந்து கடைசி ஆக்சில் வரை 40 அடிக்கு மிகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மழையில், இருட்டில், துருப்பிடித்த ஊசியோடு மல்லுக்கட்டும் இந்த வேலை ஐரோப்பிய ஓட்டுநருக்குப் பெரும்பாலும் இல்லை.

கியர், எஞ்சின், பிரேக்

கியர் பற்றிய பழைய சர்ச்சை இன்று பெரிதும் தீர்ந்துவிட்டது. அமெரிக்கர்கள் நெடுங்காலம் ஓட்டிய ஈட்டன் ஃபுல்லர் கியர்பெட்டியில், கியர்களின் சுழற்சியைத் தானே ஒத்திசைக்கும் சிங்க்ரோ அமைப்பு இல்லை. எஞ்சின் சுழற்சியையும் வண்டியின் வேகத்தையும் காதால் கேட்டு, கிளட்சை இருமுறை மிதித்தோ மிதிக்காமலோ கியரைச் சேர்க்கும் திறமை அதற்குத் தேவைப்பட்டது. ஐரோப்பியர்கள் சிங்க்ரோ பெட்டிக்கும், வால்வோ 2001-இல் கொண்டுவந்த ஐ-ஷிஃப்ட் போன்ற தானியங்கிக் கியருக்கும் முன்னதாகவே மாறிவிட்டார்கள். இப்போது அமெரிக்காவில் விற்கும் புதிய நெடுந்தூர வண்டிகளிலும் பெரும்பாலானவை தானியங்கிகளே. எஞ்சின்களிலும் எல்லைகள் கரைந்துவிட்டன: ஃப்ரைட்லைனரின் டெட்ராய்ட் எஞ்சினும் மெர்சிடஸ் ஆக்ட்ரோஸின் எஞ்சினும் ஒரே குடும்பம், கென்வொர்த்திலும் பீட்டர்பில்ட்டிலும் கிடைக்கும், அவற்றின் தாய் நிறுவனமான பக்காரின் எம்எக்ஸ்-13 எஞ்சின் டாஃப் நிறுவனத்தின் நெதர்லாந்துப் பட்டறையில் பிறந்தது. டாஃப் 1996 முதல் பக்காருக்குச் சொந்தம். மேக், வால்வோ குழுமத்துக்குச் சொந்தம். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர்தான் ஃப்ரைட்லைனருக்கும் மெர்சிடஸ் லாரிகளுக்கும் உரிமையாளர். ஆகவே அமெரிக்க எஞ்சின், ஐரோப்பிய எஞ்சின் என்று பிரித்து வாதிடுவதில் இன்று அதிகப் பொருளில்லை.

பிரேக் விஷயம் அப்படியல்ல. இங்கே நான் தயங்காமல் ஐரோப்பாவின் பக்கம் நிற்கிறேன். 1931-இல் கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தை நிறுவிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் தம் டீசல் லாரியில் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கியபோது பிரேக் முற்றிலும் கைவிட்டது. அடிவாரத்தில் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த அச்சத்திலிருந்து பிறந்த, எஞ்சினின் தடையாலேயே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக், 1961 முதல் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக வந்து, எண்ணற்ற ஓட்டுநர்களின் உயிரைக் காத்திருக்கிறது. இன்றும் அமெரிக்க ஓட்டுநர் ஓரிகானின் கேபேஜ் ஹில் போன்ற 6 சதவீதச் சரிவுகளில் அதை நம்பியே இறங்குகிறார். ஆனால் அதன் இடி போன்ற ஓசையால் பல ஊர்கள் எஞ்சின் பிரேக்குக்குத் தடைப் பலகை வைத்திருக்கின்றன. சக்கரங்களிலோ இன்னும் பல வண்டிகளில் டிரம் பிரேக்தான். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து, மிதிக்கும் அளவுக்குப் பிடிக்காமல் போகும். அதனால்தான் புறப்படும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பிரேக் தண்டின் நகர்வைச் சோதிப்பது அமெரிக்க ஓட்டுநரின் பயிற்சியில் இன்றும் முக்கியப் பாடம்.

ஐரோப்பாவில் டிஸ்க் பிரேக்கும், மின்னணு முறையில் இழுவை வண்டியையும் டிரெய்லரையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் அமைப்பும் வெகுநாளாக வழக்கம். மலைப்பாதை ஓட்டும் வண்டிகளில் எஞ்சின் பிரேக்கோடு ரிடார்டரும் இருக்கும். அது எண்ணெயின் தடையைக் கொண்டு வேகத்தைக் குறைத்து, வெப்பத்தை ரேடியேட்டருக்கு அனுப்பிவிடுகிறது. ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாயில் 40 டன்னோடு இறங்கும் ஓட்டுநர், விரலால் ஒரு நெம்புகோலை நகர்த்தி வேகத்தை நிலைநிறுத்திக்கொண்டு, கால் பிரேக்கை அவசரத்துக்கென்று குளிர்ச்சியாக வைத்திருக்க முடிகிறது. முன்னால் தடை இருந்தால் தானே நிறுத்தும் அமைப்பு ஐரோப்பாவின் புதிய கனரக லாரிகளுக்கு 2015 முதல் கட்டாயம். அமெரிக்காவில் அதற்கான விதி 2023-இல் முன்மொழியப்பட்டது, பல நிறுவனங்கள் தாமாகவே அதை வாங்கிப் பொருத்துகின்றன. அமெரிக்க வண்டிகளிலும் டிஸ்க் பிரேக் பெருகி வருகிறது. பழைய வண்டியை வாங்குபவர்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

எது கண்ணுக்குத் தெரிகிறது

நீண்ட மூக்கு மறைக்கும் இடத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் மிகையாகாது. செங்குத்தான பெரிய மூக்குள்ள வண்டியின் முன்னால், பல மீட்டர் தூரத்துக்குள் நிற்கும் குழந்தையை ஓட்டுநரால் பார்க்க இயலாது. காற்றுக்கு ஏற்பச் சரிந்த புதிய மூக்குகள் இதைக் குறைத்திருக்கின்றன, நீக்கவில்லை. தட்டை முக வண்டியிலிருந்து பம்பருக்கு முன்னுள்ள தரை பெரும்பாலும் தெரிகிறது. தெரியாத பகுதிக்கு முகப்பின் மேல் ஒரு கண்ணாடி வைப்பதும் ஐரோப்பாவில் 2007 முதல் புதிய வண்டிகளுக்கு விதி. அமெரிக்கச் சட்டம் கேட்பது இருபுறமும் ஒவ்வொரு பின்னோக்குக் கண்ணாடியை மட்டுமே. மூக்கின் மேல் காணும் குவிந்த கண்ணாடிகள் வாங்குபவரின் விருப்பம்.

அதற்காக ஐரோப்பியக் கேபினில் எல்லாம் தெரிகிறது என்று நினைக்கக் கூடாது. ஓட்டுநர் மிக உயரத்தில் அமர்வதால், எதிர்ப்பக்கக் கதவை ஒட்டி வரும் சைக்கிள்காரர் கதவின் விளிம்புக்குக் கீழே மறைந்துவிடுகிறார். லண்டனில் சைக்கிள் ஓட்டிகள் பலர் லாரிகளின் அடியில் உயிரிழந்த பிறகுதான், ஓட்டுநர் தம் கண்ணால் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை நட்சத்திரங்களால் தரப்படுத்தும் முறை அந்நகரில் வந்தது. 2024 அக்டோபர் முதல், மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்த வண்டிகள் கூடுதல் கருவிகள் பொருத்தியாக வேண்டும். நகரத்துக்குள் நுழையும் வேலை என்றால், என் மனத்தில் மூக்கு வண்டிக்கு இடமே இல்லை.

மோதலில் கணக்கு மாறுகிறது. மூக்கு வண்டியில் எஞ்சினும் ஆக்சிலும் ஓட்டுநருக்கு முன்னால் நின்று அடியை வாங்குகின்றன. தட்டை முக வண்டியில், முன்னால் நிற்கும் டிரெய்லரில் இடித்தால் முதலில் சேருவது ஓட்டுநரின் கால்கள். ஐரோப்பா கேபினின் வலிமையை இடித்துப் பார்க்கும் ஆர்29 சோதனையை வைத்திருப்பது இந்த அச்சத்தால்தான். பிறரைக் காப்பதில் ஒரு வடிவமும், தன்னைக் காப்பதில் மற்றொரு வடிவமும் முன்னிற்கின்றன என்ற உண்மையை ஓட்டுநர் அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரவு எங்கே கழிகிறது

ஓட்டுநரின் பார்வையில் நான் மிக அதிகமாக மதிப்பது இந்தப் பகுதியை. அமெரிக்க நெடுந்தூர வண்டியில் இருக்கைகளுக்குப் பின்னால் 72 முதல் 80 அங்குலம் வரை நீளமுள்ள அறை இருக்கிறது. நிமிர்ந்து நின்று சட்டை மாற்றலாம், மெத்தை அகலமானது, குளிர்பெட்டி, மைக்ரோவேவ், மடக்கு மேசை எல்லாம் உள்ளே அடங்கும். இரண்டு, மூன்று வாரங்கள் வீட்டை விட்டு விலகியிருக்கும் வேலைக்கு அது ஆடம்பரம் ஆகாது. ஐரோப்பிய வண்டியில் படுக்கை இருக்கைகளை ஒட்டியே, 70 முதல் 80 சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கும். உயரமான கேபின்களில் நிற்க முடியும். சமையலுக்கும் உடைக்கும் புத்திசாலித்தனமாக அறைகள் வகுத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் எஞ்சினை ஓட்டாமலேயே வெப்பமூட்டும் கருவியும் உண்டு. இருந்தாலும் வேலை செய்த இடத்திலேயே படுக்க வேண்டும் என்பது மாறவில்லை.

ஐரோப்பியச் சட்டம் இதை உணர்ந்தே இருக்கிறது. 45 மணி நேர வார ஓய்வைக் கேபினுக்குள் கழிக்கக்கூடாது என்று 2020-இல் வந்த விதி வெளிப்படையாகத் தடை செய்தது. காகிதத்தில் நல்ல விதி. ஆனால் கிழக்கிலிருந்து வரும் ஓட்டுநர்களில் பலர் வாரக்கணக்கில் வாகன நிறுத்துமிடங்களிலேயே வாழ்கிறார்கள். 2023-இல் ஜெர்மனியின் கிரேஃபென்ஹவுசன் ஓய்விடத்தில், சம்பள பாக்கி கேட்டு வண்டிகளை நிறுத்திப் போராடிய ஜார்ஜிய, உஸ்பெக் ஓட்டுநர்களுக்கு அத்தனை நாளும் வீடாக இருந்தது அந்த 2.3 மீட்டர்தான். பெரிய கேபின் கொடுப்பதைவிட வீட்டுக்கு அனுப்புவதே மேல் என்ற ஐரோப்பிய வாதத்தை மதிக்கிறேன். வீட்டுக்கு உண்மையிலேயே அனுப்பும் நிறுவனத்தில் சேர்பவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

வேலை நேரமும் இதோடு சேர்ந்தது. ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 9 மணி நேர ஓட்டம், வாரத்தில் இருமுறை 10. நாலரை மணி நேரத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளை. வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தப்படுகிறது. அமெரிக்காவில் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கூட்டாட்சி விதி இல்லை. நாளின் முடிவில் அமெரிக்க ஓட்டுநர் அதிகத் தூரம் போகிறார், அதிகக் களைப்பும் அடைகிறார்.

இரண்டும் விற்கும் சந்தையில்

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். மெல்போர்னின் பேஸ்வாட்டரில் கென்வொர்த்தும், பிரிஸ்பேன் அருகே வாக்கலில் வால்வோவும் மேக்கும் வண்டி கட்டுகின்றன. அங்கே பி-டபுள் எனப்படும் இரட்டை டிரெய்லர் வண்டிக்கு மொத்த நீளம் 26 மீட்டர் என்பதால், 34 பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) ஏற்ற விரும்புபவர் மூக்கைச் சுருக்கியாக வேண்டும். வட அமெரிக்காவில் மறைந்துபோன தட்டை முக கென்வொர்த், இந்த விதியால் ஆஸ்திரேலியாவில் இன்றும் கே220 என்ற பெயரில் உற்பத்தியாகிறது. மீண்டும் நீளச் சட்டமே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பல டிரெய்லர்களை இழுத்து 53.5 மீட்டர் வரை நீளும் ரோடு டிரெயின்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. நாட்டின் உட்பகுதிப் பாலைவனச் சாலைகளில் மூக்கு வண்டிகள் கூட்டமாக ஓடுகின்றன.

மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் இடையே ஹியூம் நெடுஞ்சாலையில் இரவு ஓட்டம், காலையில் நகரக் கிடங்கு என்ற வேலையாக இருந்தால் ஐரோப்பிய வண்டியை எடுக்கச் சொல்வேன்: அமைதியான கேபின், நம்பகமான பிரேக், சுற்றிலும் தெரியும் பார்வை. நார்தர்ன் டெரிட்டரியில் மாடு ஏற்றி, மண் சாலையில் நாள்கணக்கில் போகும் வேலைக்கு மூக்கு வண்டிதான். பெரிய ரேடியேட்டர், பானெட்டைத் திறந்தவுடன் கைக்கு எட்டும் எஞ்சின், கேபினைக் கவிழ்த்து உள்ளே இருப்பதெல்லாம் உருளாமல் செய்யக்கூடிய பழுதுபார்ப்பு ஆகியவை அங்கே உயிர்நாடி. கம்மின்ஸ் எஞ்சின், ஈட்டன் கியர் என்று தனித்தனி உறுப்புகளால் ஆன வண்டியை எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் அறிவார். ஐரோப்பிய வண்டியில் கோளாறு வந்தால் அதே நிறுவனத்தின் கணினி வரும்வரை காத்திருக்க நேரலாம்.

தமிழ்நாட்டில் ஓட்டிப் பழகியவருக்கு லேலண்டும் டாடாவும் பாரத்பென்ஸும் தட்டை முகமாகவே இருப்பதால், ஐரோப்பிய வடிவம் முதல் நாளிலேயே கைக்கு வந்துவிடும். மூக்கு வண்டியின் திருப்பத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். உரிமத் தேர்வுக்கு மட்டும் ஒரு யோசனை. தானியங்கிக் கியர் வண்டியில் ஓட்டுத் தேர்வு கொடுத்தால் அமெரிக்க உரிமத்தில் கையால் மாற்றும் கியர் வண்டியை ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடும், சிங்க்ரோ வண்டியில் கொடுத்தால் ஆஸ்திரேலிய உரிமத்தில் சிங்க்ரோ அல்லது தானியங்கி மட்டுமே ஓட்டலாம் என்ற நிபந்தனையும் ஏறிவிடும். பழைய மூக்கு வண்டிகளில் பெரும்பாலானவை சிங்க்ரோ இல்லாதவை. எந்த வண்டியை விரும்பினாலும், பணமும் நேரமும் இடம் கொடுத்தால், சிங்க்ரோ இல்லாத வண்டியிலேயே தேர்வை எடுத்துவிடுவது நல்லது. அப்போதுதான் இரண்டு வகையிலும் வரும் வேலைகளை ஏற்றுக்கொள்ள முடியும்.